ஏழு மனசாட்சிகளோடு ஒரு நாள் காஞ்சிபுரம்

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றித்தான் இங்கே எழுதிவருகிறேன். காஞ்சிபுரம் பற்றி எப்போது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். இந்த வருடம் பிப்ரவரியில் போய்வந்தேன். ஊர் அருமை. கூட வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் புலம்பாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டில் புதன்கிழமைதோறும் மாலையில் ஒரு ஜெபக்கூட்டம் நடக்கிறது. எட்டு வருடமாக நடத்துகிறேன். வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு சபை. ஜெயராஜ் அண்ணன் பெந்தெகொஸ்தே. ஏ.சி. மெக்கானிக். நகை போடக்கூடாது, சினிமா கூடாது, கோயில் வாசலில் வண்டியை நிறுத்தக்கூடக் கூடாது. ஸ்டெல்லா அக்கா கத்தோலிக்கர், பள்ளி ஆசிரியை. பொட்டு வைப்பார், பூ வைப்பார், எந்தக் கோயிலாக இருந்தாலும் சிற்பம் பார்க்க முதல் ஆளாக இறங்குவார். இந்த இருவரையும் ஒரே அறையில் ஒன்றரை மணி நேரம் சண்டையில்லாமல் உட்காரவைப்பதுதான் என் ஊழியம்.

சுற்றுலாவுக்கு நாள் குறிக்கவே மூன்று வாரம் ஆனது. ஞாயிறு ஆராதனை. சனிக்கிழமை ஓய்வுநாள் என்று ஒருவர். வெள்ளி உபவாச ஜெபம் என்று ஜெயராஜ் அண்ணன். வியாழன் ஸ்டெல்லா அக்காவின் நவநாள் ஜெபம். புதன் எங்கள் கூட்டம். திங்கள் மட்டும் யாருக்கும் பரிசுத்தமாக இல்லை, ஆனால் அன்றைக்கு வேன் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம்.

காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தமிழ்ச்செல்வி. எங்கள் கூட்டத்தில் வயதில் சின்னவள், வந்து சேர்ந்ததிலும் கடைசி. கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பிறகு தானாக விரும்பி ஞானஸ்நானம் எடுத்தவள். பிறந்த வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். அம்மா அப்பா இல்லை, ஒரே அண்ணன் ஏழுமலை, தறி நெய்கிறார். இரண்டு வருடமாக அவர் இவளோடு பேசவில்லை. மதம் மாறியதுதான் காரணம் என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். ஜனவரி கடைசியில் திடீரென்று அவரே ஃபோன் செய்து, "உன் ஜனங்களையும் கூட்டிக்கினு வா, நம்ம வீட்டுல சாப்பிடணும்" என்றிருக்கிறார். செல்வி அதை எங்களிடம் இரண்டு முறை சொன்னாள். இந்த ஒரு சாப்பாடு நல்லபடியாக முடிய வேண்டும், முடிந்தால் அவளுக்கு அண்ணன் திரும்பக் கிடைப்பார். அதனால்தான் எல்லாருடைய முரண்டையும் சகித்துக்கொண்டு இதை ஏற்பாடு செய்தேன்.

பன்னிரண்டு இருக்கை வேன், நாள் வாடகை 6,500 ரூபாய், ஓட்டுநர் படி 500. வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத் வழியாக அறுபது கிலோமீட்டர். காலை ஏழுக்குக் கிளம்ப வேண்டியது ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம், ஏனென்றால் கிளம்பும்முன் யார் ஜெபிப்பது என்று முடிவாகவில்லை. ஜெயராஜ் அண்ணன் ஜெபித்தார். ஒரகடம் தாண்டும்வரை ஜெபித்தார். ஓட்டுநர் குமார் என்னைப் பார்த்து மெதுவாக, "அக்கா, ஹாரன் அடிக்கலாமா?" என்று கேட்டார். அடிங்க என்றேன்.

முதலில் கைலாசநாதர் கோயில். நுழைவுக் கட்டணம் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், மணற்கல் சிற்பங்களில் வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும். மதியம் இங்கே எல்லாக் கோயில்களிலும் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஸ்டெல்லா அக்கா இரண்டு பேரை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். ஜெயராஜ் அண்ணன், வாசலிலிருந்து தள்ளி நிறுத்தச் சொன்ன வண்டியிலேயே உட்கார்ந்து வேதப்புத்தகத்தைத் திறந்துகொண்டார். செல்வி வாசல்வரை வந்து அங்கேயே நின்றாள். உள்ளேயும் வரவில்லை, வண்டிக்கும் போகவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "வர்றதுன்னா வா, இல்லன்னா போய் நிழல்ல உட்காரு" என்றேன்.

பதினொன்றரைக்குப் பிள்ளையார்பாளையம். தெருவில் வண்டி திரும்பாது, முனையிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவிலேயே நின்றிருந்தார். தங்கையைப் பார்த்ததும் அவள் பையை வாங்கிக்கொண்டார். வீட்டின் முன்னறையில் பாதியைத் தறி அடைத்திருந்தது. மீதி இடத்தில் பாய் போட்டு வரிசையாக இலை விரித்திருந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தோம். அவர் மனைவி அமுதா ஒவ்வொரு இலையிலும் முதலில் ஒரு இட்லித் துண்டை வைத்துக்கொண்டு போனார். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மூங்கில் கூடையில் வேகவைத்த, இந்த ஊருக்கே உரிய கோயில் இட்லி. நெய் வாசனை தூக்கியது.

"ஓட்டல்ல விக்கிறது இல்லம்மா இது," என்றார் ஏழுமலை பெருமையாக. "பெருமாளுக்குப் படைச்சது. விடிகாலைல போய் நின்னு வாங்கியாந்தேன். முத தபா வர்றீங்கோ, பிரசாதத்தோட ஆரம்பிக்கணும்ல."

ஜெயராஜ் அண்ணனின் இரண்டு கையும் மடிக்குப் போய்விட்டன. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பது எங்கள் கூட்டத்தில் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் சண்டை. ஜெயராஜ் அண்ணனும் ஸ்டெல்லா அக்காவும் வசனம் காட்டுவார்கள், இருவரும் காட்டுவது வேதப்புத்தகத்தின் ஒரே அதிகாரத்தை. இப்போது ஸ்டெல்லா அக்கா கண்ணை மூடிச் சிலுவை போட்டுவிட்டு, விண்டு வாயில் போட்டு, "ஐயோ, என்ன ருசி" என்றார். நானும் சாப்பிட்டேன். எனக்கு அதில் உறுத்தல் இல்லை.

பக்கத்தில் செல்வி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்கையால் இடித்து, "ஒண்ணும் ஆகாது, வாயில போடு. எல்லாத்தையும் கெடுத்துடாத" என்று கிசுகிசுத்தேன். அவள் ஒரு சின்ன விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். அது உள்ளே இறங்கவில்லை. மென்றுகொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

அப்போதுதான் ஜெயராஜ் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். ஆண்டவரே, இந்த மனுஷன் வாயைக் கட்டும் என்று நான் ஜெபித்தேன். எட்டு வருடத்தில் என் மிகவும் மனமார்ந்த ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

"தம்பி," என்றார் அவர், "நான் படைச்சது சாப்பிடறதில்ல. உங்க மேல ஒண்ணும் இல்ல, எனக்கு மனசு ஒப்பாது. ஆனா பசிக்குது. உங்க வீட்ல வடிச்ச சோறு போடுங்க, ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்பிடறேன். கோவிச்சுக்காதீங்க."

ஏழுமலை அவரைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார்.

"நீயும் இப்டித்தானா?"

செல்வி தலையாட்டினாள். "ஆமாண்ணா. தப்பா நெனைக்காத."

"அப்ப எம் பாப்பா காதுகுத்துல இலைல ஒக்காந்துட்டு, வயிறு சரியில்லன்னு எழுந்து போனியே? அது கோயில்ல வெச்ச பொங்கல்ங்கிறதாலயா?"

"ஆமா. சொல்ல பயமா இருந்துச்சு."

ஏழுமலை கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். "நீ சாமி மாறினதுக்கா நான் பேசாம இருந்தேன்? வசதியான எடத்துக்குப் போயிட்டா, நம்மூட்டு சோறு அவளுக்குக் கசக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன், செல்வி. ரெண்டு வருசமா. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவள் அழுதாள். அவரும் அழுதார். அமுதா இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் உள்ளே போய் இரண்டு புது இலை கொண்டுவந்து, ஜெயராஜ் அண்ணனுக்கும் செல்விக்கும் மாற்றிப் போட்டுச் சோறு பரிமாறினார். எடுத்த இலைகளிலிருந்த இட்லியை ஸ்டெல்லா அக்கா தன் இலைக்கு வாங்கிக்கொண்டார். செல்வி விண்ட துண்டையும் விடவில்லை. ஜெயராஜ் அண்ணன் சொன்னபடி இரண்டு முறை சோறு வாங்கினார். ரசத்துக்கு மூன்றாவது முறையும் வாங்கினார்.

திரும்பும்போது காந்தி ரோட்டில் பட்டுக் கடைகள். கூட்டுறவுச் சங்கக் கடைகளில் விலை நிலையானது, பேரம் கிடையாது. ஸ்டெல்லா அக்கா 11,200 ரூபாய்க்கு அரக்கில் ஒரு புடவை எடுத்தார். இவ்வளவு ஜரிகை ஒரு விசுவாசிக்குத் தேவையா என்று ஜெயராஜ் அண்ணன் கேட்க, அடுத்த கால் மணி நேரம் வீணானது. யாரும் திருந்திவிடவில்லை என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன். ஐந்து மணிக்குக் கிளம்பியபோது வண்டியில் செல்வி இல்லை. இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

போகிறவர்களுக்கு: கோயில்களைக் காலையிலும் கடைகளை மதியத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி நடந்தால் வெயிலில் தரை சுடும், காலுறை எடுத்துப்போங்கள். யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், எது சாப்பிடமாட்டீர்கள் என்பதை முதல் நாளே ஃபோனில் சொல்லிவிடுங்கள். சொன்னால் அவர்கள் மனம் நோகும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். சொல்லாமல் இருந்தால்தான் நோகிறது.

செல்வி ஊர் திரும்பியதும் அவளிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா," என்றாள், "எங்க அண்ணனுக்காகத்தானே சாப்பிடச் சொன்னீங்க." ஆமாம் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அண்ணனுக்காக இல்லை, அவளுக்காகவும் இல்லை. எனக்குப் பிரச்சினை இல்லாமல் சாப்பாடு முடிந்து வண்டி கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். எட்டு வருடமாக அதைத்தான் ஒற்றுமை என்று சொல்லி ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.