தம்பிக்கு வருகிற சிடி

எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓய்ந்த நேரமே கிடையாது. கூரியர் கொண்டு வருகிறவர் வாசலில் நின்று சாதாரணமாகக் கூப்பிட்டால் யார் காதிலும் விழாது. அதனால் தொண்டை கிழியக் கத்துவார். "எம்மா, ஒங்களுக்கு சிடி வந்திருக்கு!" தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும்.

வந்ததெல்லாம் வீடியோ கேம். நான் அப்போது ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். என் சம்பளத்தில் செகண்ட்ஹேண்டில் ஒரு கேம் மெஷின் வாங்கி டிவியில் மாட்டியிருந்தேன். சந்தா கட்டினால் கூரியரில் வாடகைக்கு டிஸ்க் அனுப்புகிற கம்பெனி ஒன்று இருந்தது. விளையாடி முடித்து, அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். அந்த வீட்டில் என் பெயருக்கு வந்து, எனக்கே எனக்கென்று இருந்த ஒரே பொருள் அதுதான். தம்பி அதைத் தொட்டதுகூட இல்லை. அவன் உண்டு, அவன் போன் உண்டு.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையை எனக்கும் பிடித்திருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பக்கம் பெண் பார்த்ததோடு விஷயம் முடியாது. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் சத்தமில்லாமல் வந்து தெருவில் விசாரித்துவிட்டுப் போவார். வந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. டீக்கடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கடைக்காரரும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "தங்கமான பிள்ள அண்ணாச்சி. வேலைக்குப் போவும், வீட்டுக்கு வரும். கூரியர்ல சிடி வரும், கதவச் சாத்திக்கிட்டுப் பாக்கும். அம்புட்டுதான்" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

கூரியரில் வருகிற சிடிக்கு ஊரில் ஒரே அர்த்தம்தான், அந்த மாதிரிப் படம். மறுநாளே தரகர் போன் பண்ணினார். அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"கேம்னு சொல்லுங்கப்பா. வேணும்னா வரச் சொல்லுங்க, போட்டே காட்டுதேன்" என்றேன்.

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். "ஏட்டி, கட்டிக்குடுக்கப் போற பொட்டப்பிள்ள துப்பாக்கிய வச்சிச் சுட்டு வெளையாடுதுன்னு சொல்லவா? அதுக்கு அந்தச் சிடியே தேவலன்னுருவான்."

பிறகு போனில் நிதானமாகச் சொன்னார். "அது எம்பயலுக்கு வாரது. அக்கா பேர்ல வரவழைக்கான், களவாணிப் பய."

அந்தப் பக்கம் தரகர் சிரித்தது எனக்கே கேட்டது. "வயசுப் பயன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். இத மொதல்லயே சொல்லப்பிடாதா?"

நான் பார்த்தால் குடும்ப மானம் போகும், அவன் பார்த்தால் அது வயசு. அந்த வாரமே கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

மெஷின் தம்பியுடையது என்று ஆகிவிட்டதால் நான் அதைக் கொண்டுபோக முடியவில்லை. தலைதீபாவளிக்கு வந்தபோது அவன் அதைத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்து, "அத்தானுக்கு நம்ம பிரசண்ட்" என்று என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். "இதுதானா அந்தச் சிடி!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். சந்தாவும் மாப்பிள்ளை பெயருக்கு மாறிவிட்டது.

என் வீட்டுக்காரர் மோசமானவர் இல்லை. விளையாட்டில் மட்டும் மகா மோசம். "சீரியல் பாக்கணும்னா சொல்லு, நிறுத்துதேன். ஒனக்கு இதெல்லாம் வெளங்காது" என்பார், அன்பாகத்தான். போன வாரம் அவருக்கு வந்தது நான் எப்போதோ முடித்த கேம். ஒரு கோட்டைக்குள் மாட்டிக்கொண்டு, வழி தெரியாமல் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பொறுக்க முடியவில்லை.

"அந்த ரெண்டாவது தூணுக்குப் பின்னால போய்ப் பாருங்க. சுவத்துல வழி இருக்கு."

இருந்தது. அவர் ஆச்சரியமாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியை அவர் கேட்கமாட்டாரா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். பதில் தொண்டை வரை வந்தது. சொன்னால் அப்பா பொய்யர், நானோ, பொய் சொல்லிக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்.

"தம்பி வெளையாடும்போது பாத்திருக்கேன்" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்று அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.