கோண்டிபாவின் ஆள்காட்டி விரல்

வேரூலில் தச்சர் கோண்டிபா சுதாரிடம் கதவு செய்யச் சொன்னவர்கள், கதவு வந்து சேர்வதற்குள் திருடர்களோடு சிநேகமாகிவிடுவார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். மனுஷன் அவ்வளவு நிதானம். ஒரு பலகையை எடுத்தால் இந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பார், தட்டுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார், பிறகு அதைச் சுவரில் சாத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். உளியைக் கையில் எடுப்பது மறுநாள்தான். அப்படி எடுத்த உளி ஒருநாளும் அவர் விரலில் பட்டதில்லை. வாய்ச்சியும் வாளும் இழைப்புளியுமாகவே வயது ஐம்பதைத் தொட்ட அந்தக் கைகளில் ஒரு கீறல் கிடையாது. கல்யாணப் பெண்ணின் கை என்று சொல்லி மருதாணி வைத்துவிடலாம்.

அந்தக் கைதான் அவருடைய தலைக்கனம். டீக்கடையில் யார் புதிதாக வந்தாலும் பத்து விரலையும் விரித்துக் காட்டாமல் விடமாட்டார். "பார்த்தீங்களா? உளி என்னைக் கண்டா ஒதுங்கிப் போகும்." வேறு ஊராக இருந்தால் கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். வேரூல் தச்சர்களிடம் இப்படிப் பேசலாமா? அவர்களுடைய சாமியே விரலை வெட்டிக்கொண்ட சாமி.

ஊருக்கு வெளியே குன்றைக் குடைந்த குகைகளின் வரிசையில் பத்தாவதைச் சுதாரின் குடிசை, அதாவது தச்சன் குடிசை என்பார்கள். உள்ளே நீளமான கூடம், இரண்டு பக்கமும் தூண்கள், தூண்களுக்கு மேலே தொப்பையும் சிரிப்புமாகக் குள்ளர்கள். கூடத்தின் கோடியில் ஒரு பெரிய உருவம் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கை, மற்ற கையின் விரலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தச்சர்களுக்கு அது விஸ்வகர்மா. எல்லாக் குகைகளையும் ஒரே ராத்திரியில் குடைந்துகொண்டே வந்தாராம். விடியப் போகிறதே என்ற அவசரத்தில் வாய்ச்சி நழுவி விரலில் இறங்கிவிட்டதாம். விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் அதைப் புத்தர் என்று சொல்வது கோண்டிபாவின் காதிலும் விழுந்ததுதான். வெளியூர்க்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

ஒவ்வொரு வருஷமும் மாக மாதத்துத் திரயோதசிக்குச் சுற்றுப்பட்டுத் தச்சர்கள் எல்லாம் குடும்பத்தோடு அங்கே கூடுவார்கள். ஆயுதங்களைச் சாமி காலடியில் வைத்துக் குங்குமம் இட்டு, வெளியே மரத்தடியில் பூரண்போளி சுட்டுச் சாப்பிடுவார்கள். அப்படி ஒரு திரயோதசியில்தான் கோண்டிபாவின் மகள் சுபத்ரா, கன்னட் ஊர் நிவ்ருத்தி சுதாரின் மகன் பண்டரியைப் பார்த்தாள். பண்டரியும் பார்த்தான். அதற்குப் பிறகு வந்த வரன்களில் ஒருவனுக்கு மூக்கு சரியில்லை, இன்னொருவனுக்கு அம்மா சரியில்லை என்று சுபத்ரா தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் நிவ்ருத்தியே பெண் கேட்டு வந்துவிட்டார்.

நிவ்ருத்திக்கு இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். ஆள் முரடு, குரல் அதைவிட முரடு. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார்.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு? ரேகை பார்ப்பீங்களோ?"

"தொழில் பார்ப்பேன். காட்டுங்க." கோண்டிபாவின் கையை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எங்கே?"

"என்ன எங்கே?"

"தழும்பு."

"கிடையாது. ஒருநாளும் கிடையாது" என்று கோண்டிபா நெஞ்சை நிமிர்த்தினார்.

"சாமிக்கே வெட்டிக்கிச்சு. உமக்கு வெட்டலையா? ஒண்ணு, நீர் சாமிக்கு மேல இருக்கணும். இல்லே, நீர் வேலையே செஞ்சிருக்கக் கூடாது. எதுன்னு நீரே சொல்லும்."

இந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போளி எடுத்துக்குங்க என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். கோண்டிபாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"சாமி அவசரப்பட்டுச்சு, வெட்டிக்கிச்சு. எனக்கு அவசரமில்லை" என்றார்.

நிவ்ருத்தி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "திரயோதசிக்கு எல்லாரும் கூடுவோம். சாமி முன்னால நின்னு, சாமிகிட்டயே, என் கை உம்ம கைக்குக் கீழேதான்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லணும். சொன்னா அங்கேயே நிச்சயம். சொல்லலைன்னா உம்ம பொண்ணுக்கு வேற இடம் பாரும்."

அன்றைக்கு அந்த வீட்டில் பாத்திரங்களெல்லாம் அடி வாங்கின. மனைவி யமுனா சொன்னாள்: "ஒரே ஒரு வார்த்தைங்க. சொன்னா வாய் தேஞ்சா போகும்?"

"நான் மெதுவா வேலை செய்யறவன்னு ஊரே சிரிக்குது. நிலம் இல்லை, நீச்சு இல்லை. இந்தக் கை ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. அதையும் கீழேன்னு சொல்லணுமா?"

சுபத்ரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்க தழும்பில்லாத கையை வெச்சுக்குங்கப்பா. நான் பண்டரி இல்லாத வீட்டை வெச்சுக்கறேன். ரெண்டு பேருக்கும் சரியாப்போச்சு." சொல்லிவிட்டுப் பாக்ரி ரொட்டி மாவை அவள் தட்டிய தட்டில் கோண்டிபாவுக்குக் கன்னம் வலித்தது. மகள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார்.

திரயோதசியன்று காலையில், குகைக்குப் போகும் வழியில் சுக்தேவ் பகாரேயின் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். சுக்தேவ், தெருவே பௌத்தம் தழுவியபோது தானும் தழுவியவர். இருவரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். பத்தாவது குகையில் இருப்பது யார் என்று வருஷம் ஒருமுறை சண்டை போட்டுவிட்டு, ஒரு டீயை இரண்டு கோப்பையில் பகிர்ந்து குடிப்பார்கள். அன்றைக்குக் கோண்டிபாவின் முகத்தைப் பார்த்துச் சுக்தேவுக்கே பாவமாக இருந்தது.

"ஒண்ணு சொல்றேன், அடிக்க வராதே. அந்த விரல்ல வெட்டே கிடையாது."

"எந்த விரல்ல?"

"நீ மன்னிப்புக் கேட்கப் போறியே, அந்த விரல்ல. அவர் எங்க புத்தர்டா. உபதேசம் பண்றார். இது ஒண்ணு, இது ரெண்டுன்னு நீ கூலிக்கணக்குச் சொல்லும்போது விரலைத் தொட்டுச் சொல்லமாட்டே? அந்த மாதிரி தொட்டுக் காட்டறார். நல்லாப் போய்ப் பாரு. காயம்பட்டவன் மூஞ்சியா அது? சிரிச்சுட்டு உட்கார்ந்திருக்கார்."

கோண்டிபா டீயை அப்படியே வைத்துவிட்டார். முகத்தைப் பற்றிச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. எத்தனை வருஷமாகப் பார்க்கிற முகம்! விரல் வெட்டிக்கொண்ட தச்சன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? இது அந்த முகமே இல்லை. வெட்டே இல்லை என்றால் மன்னிப்பு எதற்கு? "சம்பந்தி, அது காயமில்லை, கோண்டிபாவின் கை யாருக்கும் கீழே இல்லை" என்று எல்லார் முன்னாலும் ஒரே போடாகப் போட்டுவிடலாம். நிவ்ருத்தியின் மூக்கு உடைந்துவிடும். கோண்டிபா வாழ்க்கையில் முதல்முறையாக ஓடினார். டீக்கடையில் இருந்தவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாதி வழியில் கால் தயங்கியது. காயமில்லை என்றால் விஸ்வகர்மா இல்லை. விஸ்வகர்மா இல்லை என்றால், யமுனா பிரசவத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தது யாருக்கு? ஒவ்வொரு வருஷமும் அவர் வாய்ச்சியைக் கொண்டுபோய் வைத்தது யார் காலடியில்? கை மிஞ்சும், சாமி போய்விடும். இது என்னடா வம்பு என்று முனகிக்கொண்டே குகைக்குள் நுழைந்தார்.

கூடம் நிறைந்திருந்தது. மேல் ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக இறங்கி, சாமியின் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. உளிகள், வாள்கள், இழைப்புளிகள் எல்லாம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. யமுனாவும் சுபத்ராவும் ஒரு தூணருகே நின்றார்கள். சுபத்ரா அப்பாவைப் பார்க்கவில்லை. எதிர்த் தூணருகே நின்ற பண்டரியையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிவ்ருத்தி எல்லாருக்கும் முன்னால், சாமியின் காலடியில் நின்றுகொண்டிருந்தார். கோண்டிபா தன் ஒரே போட்டை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். நிவ்ருத்திக்கு ஆள் வந்தது தெரியவில்லை. வலது கையால் தன் பாதி விரல்களைப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் உருவம் பிடித்திருப்பது மாதிரியே பிடித்துக்கொண்டு, அந்த முரட்டுக் குரலைத் தணித்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரிதான் இருந்தது.

"என்ன, இன்னும் வலிக்குதா? எனக்கும் இந்தக் குளிருக்குக் குடையுதுப்பா. அன்னிக்கு விரல் போனதோட தொழிலையே விட்டிருப்பேன். உமக்கும் போச்சேன்னுதான் மறுபடி உளியைத் தொட்டேன்."

கோண்டிபாவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை, அழுகைதான் வந்தது. இந்த மனுஷனிடம் போய் உம்ம சாமிக்கு வலிக்கவே இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார்.

"தப்பு என்னோடது. என் கை உம்ம கைக்குக் கீழேதான்!"

அந்தக் கூடம் ஒன்றைச் சொன்னால் ஒன்றோடு விடாது. கீழேதான், கீழேதான், கீழேதான் என்று கல்லெல்லாம் சேர்ந்து சொல்லிற்று. மேலே இருந்த குள்ளர்களுக்கு ஏகக் கொண்டாட்டம். நிவ்ருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தூக்கி நிறுத்தினார். "சீக்கிரமே சாமி உம்ம விரலையும் பார்த்துக்கும். அப்புறம்தான் நீர் முழுத் தச்சன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தூணருகே சுபத்ராவின் முகத்தைப் பார்த்ததும், கை கீழே போனது கோண்டிபாவுக்கு மறந்துவிட்டது.

எழுந்தபோது கண் மேலே போயிற்று. வில்லாக வளைந்த கூரை, அதில் மரவீட்டுக் கூரைக்குப் போடுகிற மாதிரியே நெருக்கமாகக் கைமரங்கள். எல்லாம் கல். கல்லுக்குக் கைமரம் எதற்கு? எதையும் தாங்கவில்லை, எடுத்துவிட்டாலும் கூரை விழாது. ஆனாலும் யாரோ மெனக்கெட்டு ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறான், மரவீட்டை மறக்க முடியாத ஒரு தச்சன். அதுவும் அவசரமே இல்லாமல் செதுக்கியிருக்கிறான். கோண்டிபா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். யமுனா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

சாயங்காலம் டீக்கடையில் சொன்னார்: "சுக்தேவ், சாமி உன்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும். கூரை எங்களோடது."

"எடுத்துக்கோ. வாடகை கேட்டு மட்டும் வந்துடாதே" என்று சுக்தேவ் டீயை இரண்டு கோப்பையில் ஊற்றினார்.

கல்யாண மணையைக் கோண்டிபாவே செய்தார், அதிசயமாக முகூர்த்தத்துக்கு முன்பே முடித்தும்விட்டார். மணையைக் கொண்டுவந்து வைத்தபோது அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் மஞ்சள் தடவிய ஒரு துணி சுற்றியிருந்தது. நிவ்ருத்தி அதைப் பார்த்தார். பந்தலே அதிரும்படி ஒரு கூச்சல் போட்டு, சம்பந்தியை அப்படியே கட்டிக்கொண்டார். "வெட்டிக்கிச்சா! வெட்டிக்கிச்சா!" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெண்ணின் கல்யாணத்தைவிட அந்த விரலுக்குத்தான் விருந்து அமர்க்களப்பட்டது.

துணிக்குள்ளே ஒன்றுமில்லை என்பது யமுனாவுக்கு மட்டும் தெரியும். அங்கேதான் சிக்கலும் வந்தது. துணியை அவிழ்த்தால் தழும்பு எங்கே என்று சம்பந்தி கேட்பார். அதனால் அவிழ்க்கவே முடியவில்லை. பழைய காயம், காற்றுப் பட்டால் வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினார்.

"ஒரு கீறல் போட்டுத் தொலைச்சா நிம்மதியா இருக்கலாமே?" என்று யமுனா ஒருதடவை எரிந்து விழுந்தாள்.

"அது முடியாதுடி. அந்த விஷயத்துல மட்டும் எனக்குத் தலைக்கனம் போகலை" என்றார்.

பேரன்கள் வந்தார்கள், முடி நரைத்தது, துணி மட்டும் மாறி மாறி விரலிலேயே இருந்தது. நிவ்ருத்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்து, "எப்படிக் குடையுது?" என்று கேட்பார். "உமக்கு?" என்று இவர் கேட்பார். இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள்.

கோண்டிபா நிதானமாகத்தான் செத்தார். ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்திருந்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். உடம்பைக் குளிப்பாட்டும்போது விரல் துணியை அவிழ்க்க நிவ்ருத்தி முன்னால் வந்தார். மெதுவாகச் சுற்றை எடுத்தார். உள்ளே விரல் வெயில் படாமல் வெளுத்து, குழந்தை விரல் மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. நிவ்ருத்தி அந்த விரலைத் தன் பாதி விரல்களால் பிடித்துக்கொண்டார். சுவர் ஓரத்தில் நின்ற யமுனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"காயம் எப்படிப்பா இருக்கு?" என்று பின்னாலிருந்து பண்டரி கேட்டான்.

"ஆழமான வெட்டுடா. மனுஷன் எப்படித்தான் தாங்கிட்டாரோ" என்றார் நிவ்ருத்தி.

புதுத் துணி கேட்டு வாங்கி மஞ்சள் தடவி விரலில் சுற்றினார். முடிச்சுப் போட வந்த மகனைத் தள்ளிவிட்டார். அந்தக் கையால் முடிச்சுப் போட வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.