அரை மணி நேரம் உட்கார வேண்டும்

எங்கள் சுகாதார நிலையத்தில் இப்போது வாரத்தில் ஒரு நாள் மாலையிலும் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்காக மேலதிகாரியிடம் நடையாய் நடந்து சண்டை போட்டவர் எங்கள் நர்ஸ். முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் 'சிடுசிடு'. வண்டியில் ஏறியதும் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, பள்ளத்துல விடாதீங்க, மருந்து இருக்கு" என்பார். வண்டி ஓட்டுகிற என் இடுப்பைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் இருக்கப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போடும் வேலை அவருடையது. பள்ளிக்கூடத்துக்கே போய்ப் போடுவோம். போட்ட பிறகு, மயக்கம் கியக்கம் வந்தால் பார்க்க, பிள்ளைகள் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். வீட்டில் வைத்துப் போடக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைதான் அதன் கண்ணில் படவே மாட்டாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் ஊசி வரிசையில் நின்ற வாயாடி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, என் கூட்டாளிக்கும் போடுவீங்களா? அவ படிப்ப நிறுத்திட்டா. அவ பெரியம்மாவுக்கு இதே நோய்தான். பாத்துக்க வேற ஆள் இல்ல."

நர்ஸ் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "அவ அம்மா என்ன வேலை பண்றாங்க?"

"துணி கம்பெனியில. இருட்டுனப்புறம்தான் வருவாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் ஞாபகம் வந்தது. போன மாதம் நிலையத்தைப் பூட்டும் நேரத்தில், துணி கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க ஓர் அம்மா மூச்சிரைக்க வந்து, மகளுக்கு இந்த ஊசியைக் கேட்டாள். "நேரம் முடிஞ்சுடுச்சும்மா. அது பள்ளிக்கூடத்துலதான் போடுவோம்" என்று நர்ஸ் பூட்டைத் திருகினார். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு பேசாமல் போய்விட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் அந்தம்மாவ ஒரு வார்த்தை பேச விட்டேனா?"

"விடல."

என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

வாயாடியிடம் போன் நம்பரை வாங்கி, துணி கம்பெனியில் இருந்த அந்த அம்மாவைக் கூப்பிட்டார். "போடுங்க சிஸ்டர்" என்று அந்த அம்மா அழுதாள். "எங்க அக்கா படற பாட்டைத் தினம் பாத்துட்டு இருக்கேன்."

வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில். ஒற்றை அறை, ஜன்னலோரக் கட்டிலில் பெரியம்மா கண்மூடிக் கிடந்தாள். எலும்பும் தோலும் என்பார்களே, அதுதான். அந்தப் பெண் கதவை விட்டு நகரவில்லை. "இவங்கள விட்டுட்டு நான் எப்படிக்கா வர்றது?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க உக்காருங்க."

"நானா? நான் டிரைவர்ம்மா."

"நாள் முழுக்க உக்காந்து பாக்குற வேலைதானே? இங்க உக்காருங்க."

தண்ணீரைக் கரண்டியால் கொடுக்க வேண்டும், முதுகுக்குத் தலையணை சரியக் கூடாது என்று சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவள் நர்ஸோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா கண் திறந்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துப் பயப்படவில்லை. "புள்ள எங்க?"

"ஊசி போடப் போயிருக்கும்மா."

"என்ன ஊசி?"

எப்படிச் சொல்வது என்று விழித்தேன். மறைக்கவும் மனம் வரவில்லை. "உங்களுக்கு வந்தது அவளுக்கு வராம இருக்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். தலையசைத்து மறுத்துவிட்டாள்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். அந்தப் பெண் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஓடிவந்தாள். பின்னாலேயே நர்ஸ், இரைக்க இரைக்க: "ஏய், இன்னும் அரை மணி ஆகலடி! உக்காருன்னா உக்கார மாட்டியா?"

"பெரியம்மாவுக்குத் தண்ணி..." என்றாள் அவள்.

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். குரலில் அத்தனை அதட்டல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"தண்ணிய இவர் குடுப்பார். நீ போ. போய் முழுசா உக்காந்துட்டு வா. அதுவரைக்கும் நான் எங்கேயும் போயிட மாட்டேன்."