பதிவைத் திருத்தச் சொன்ன பூரணி

பூரணி எனக்கு மச்சாள். தாய்மாமன் கந்தப்பரின் மூத்த மகள். மூதூரில் பிறந்தவள். ஒஸ்லோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் உழைத்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு, நோயாளிகள் சார்பில் நிர்வாகத்தோடு பேசும் அதே ஆஸ்பத்திரியின் நோயாளர் குழுவில் சேர்ந்தாள். "வீட்டிலை குந்தியிருந்தா உன்னைத்தான் குறை சொல்லுவன். அங்கை போனா பெரிய ஆக்களைக் குறை சொல்லலாம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

மகேசன் அவளுடைய சின்னம்மாவின் மகன். ஒஸ்லோவின் புறநகரான பியோர்ண்டாலில் தனிக்கட்டை. போன வருடம் அவனுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தபோது, "நீங்கள் என்ன முறை?" என்று தாதி கேட்க, பூரணி யோசிக்காமலே "அக்கா" என்றாள். தாதி உடன்பிறந்த சகோதரி என்று பதிந்துகொண்டாள். எங்கள் ஆட்களில் யார் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். சின்னம்மா பெற்ற பிள்ளை தம்பி இல்லாமல் வேறு யார்?

இந்த வருடம் அரசாங்கம் புதிய விதி ஒன்றுக்கு வரைவு போட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் தவிர வேறு யாரும் போக முடியாது. ஆஸ்பத்திரிகள் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம் என்றார்கள். மகேசனுக்கோ வரும் மாரியில் இரண்டாவது சத்திரசிகிச்சை.

"அக்கா, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ" என்றான் மகேசன். "சகோதரி எண்டுதானே பதிஞ்சு கிடக்கு. விதி வந்தாலும் உங்களை விடுவாங்கள். இஞ்சை எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

"அப்ப உன்னைப்போலத் தனிய கிடக்கிற மற்றச் சனம்? களவா உள்ளுக்கை வந்து குந்த நானென்ன கள்ளியே? போடா!"

குழு கூடியது. ஆஸ்பத்திரியின் கருத்தை எழுதும் ஜூலியா வாசித்தாள்: "இந்த விதிக்கு எங்களுக்கு மறுப்பு இல்லை." எல்லோரும் தலையாட்டினார்கள். பூரணி கையை உயர்த்தினாள். அவள் நோர்வேஜிய மொழியில் பேசியதை, எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"எனக்கு மறுப்பு இருக்கு. நான் மகேசனுக்குச் சகோதரி எண்டு பதிஞ்சு கிடக்கு. உங்கடை சட்டத்திலை நான் அவன்ரை தாயின்ரை தமக்கை மகள். அவனுக்கு இந்த நாட்டிலை என்னைவிட்டா ஒருத்தரும் இல்லை."

ஜூலியா திகைத்துப்போனாள். "அப்படியென்றால் பதிவைத் திருத்த வேண்டி வருமே, பூரணி. விதி வந்தால் உங்களையே உள்ளே விட முடியாது."

"திருத்துங்கோ. ஆனா கருத்தையும் திருத்துங்கோ. ஆர் தன்ரை ஆள் எண்டு நோயாளி சொல்லட்டும். அதை அரசாங்கம் சொல்லத் தேவையில்லை."

கூட்டங்களில் தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் போகும் ஆன்ட்ரியாஸ் என்ற கிழவர் தொண்டையைச் செருமினார். "என் பிள்ளைகள் தூரத்தில், துரொண்ட்ஹெய்ம் நகரத்தில். நான் விழுந்தால் ஓடி வருவது பக்கத்து வீட்டுக்காரன். அவனையும் வெளியே நிறுத்துவீர்களா?"

கைகள் உயர்ந்தன. "மறுப்பு இல்லை" என்ற வரியை ஜூலியா வெட்டினாள். பூரணி சொன்னதை அந்த இடத்தில் எழுதி அனுப்பினார்கள். பதிவும் அன்றே திருத்தப்பட்டது.

அரசாங்கம் இன்னும் பதில் சொல்லவில்லை. மகேசன்தான் புலம்பினான்: "இப்ப என்ன செய்யப் போறியள் அக்கா? விதி வந்தா வெளியிலைதான்."

"வரட்டுமே. அந்தக் கதவுக்கு முன்னாலை கதிரையைப் போட்டு இருப்பன். நீ கண் முழிச்ச உடனை என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடு. நீ கூப்பிட்ட ஆளை எழுப்பி அனுப்பிறவன் ஆரெண்டு பாப்பம்."