பதினான்கு வெறும் பீங்கான்கள்

எங்கள் வீட்டுக்குப் பலகாரத்தோடு வந்த பீங்கான் தட்டு எதுவும் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. தீபாவளிக்கு அன்னபூரணி அன்ரி முறுக்கு வைத்து அனுப்புவார். பெருநாளைக்கு ஸைனம்பு அன்ரி வட்டிலப்பம் தருவார். மம்மி பீங்கானைக் கழுவித் துடைத்து, எதையாவது வைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனி.

மம்மியின் பெயர் ஜொய்ஸ். மட்டக்களப்பு சின்ன உப்போடையில், வாவியில் இருந்து மூன்றாவது வீட்டில் நாற்பத்தாறு வருடம் வாழ்ந்தார். டடி மெல்றோய், மரவேலை செய்தவர். நான் கெரன், ஒரே பிள்ளை. கொழும்பில் ஆஸ்பத்திரி இயந்திரங்களைத் திருத்துவது என் வேலை.

டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு மம்மி நாற்பது வீட்டுக்கு லவ் கேக் அனுப்புவார். அதற்குக் கஜு, முந்திரிப் பருப்பு, வெட்டுவது முதலாம் திகதி தொடங்கும். அந்த மாதம் மழை விடாது. சீனி கசியும், கரண்ட் போகும். கேக் வேகும் அவணின் இடது பக்கம் வலது பக்கத்தைவிட இருபத்திரண்டு பாகை கூடுதல். நான் அளந்து பார்த்திருக்கிறேன். மம்மி அளக்காமலே பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேக் தட்டைத் திருப்பி வைப்பார். நத்தார் காலைப் பூசையில் நற்கருணை வாங்கியதும் எழுந்து வீட்டுக்கு ஓடுவார். கேக் வீடு வீடாகப் போகவேண்டும். கடைசி ஆசீர்வாதத்துக்கு அவர் கோயிலில் இருந்ததை நான் பார்த்ததில்லை. இருபத்தாறாம் திகதி காய்ச்சலில் படுப்பார்.

"பாலன் பிறக்கிறதெண்டாலும் உன்ட மம்மிட கேக் வெந்தாப் பிறகுதான்," என்பார் டடி.

ஒருமுறை நான் வீடுகளை இருபதாகக் குறைக்கச் சொன்னேன். எந்த இருபதை வெட்டுவது என்று கேட்டார். நான் கத்தியை எடுத்துக் கஜு வெட்ட உட்கார்ந்தேன்.

2023 நவம்பரில் டடி மாரடைப்பில் இறந்தார். எங்கள் குடும்பத்தில் சாவு விழுந்த வீடு அந்த வருடம் நத்தார்ப் பலகாரம் செய்வதில்லை. நட்சத்திரமும் கட்டுவதில்லை. மற்ற வீடுகள் கொண்டுவந்து தரும். வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பீங்கான் வெறுமையாகத் திரும்பும்.

நான் லீவில் வந்து சேர்ந்தபோது மேசையில் ஐந்து பீங்கான் இருந்தது. இருபத்து மூன்றாம் திகதி பதினான்கு. பலகாரத்தை டின்களுக்கு மாற்றி, பீங்கான்களைத் துடைத்து அடுக்கி வைத்திருந்தார் மம்மி. திருப்பி அனுப்பவில்லை. மழை விடட்டும் என்றார். மழை விட்டது. பின்னேரம் பார்ப்போம் என்றார். பின்னேரமும் போனது.

அடுத்த நாள் காலை அவண் சூடாகும் மணம் வந்தது. மம்மி பட்டரையும் சீனியையும் அடித்துக்கொண்டிருந்தார். டடி போய் ஆறு கிழமைதான் ஆகிறது என்றேன். தனக்கும் தெரியும் என்றார். இது நத்தாருக்கு இல்லையாம், பீங்கானில் ஒரு துண்டு வைக்க மட்டுமாம். வெறும் பீங்கானைக் கொடுத்துவிட்டு அந்தச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். கை நிற்கவில்லை.

அந்த நேரம் அடுத்த வீட்டு ஸைனம்பு அன்ரி பின்கதவால் வந்தார். அவருடைய கணவர் இறந்து எட்டு வருடம். அப்போது அவர்கள் வழக்கப்படி வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருந்தவர். அடுக்கில் இருந்த நீலப்பூப் பீங்கான் அவருடையது, அதைக் கேட்டு வந்தார். மம்மி சீனி டின்னைத் திறந்து, பீங்கானில் ஒரு பிடி போட்டுக் கொடுத்தார். ஸைனம்பு அன்ரி பீங்கானைச் சரித்து, சீனியைத் திரும்பவும் டின்னுக்குள் கொட்டினார்.

"அவர் மௌத்தாகி நான் இத்தா இருக்கக்குள்ள நாலு மாசமும் பத்து நாளும் உன்ட சோத்தத்தான் திண்டன். வெறும் பீங்கானத்தான் தந்தன். உனக்கு நான் கொறஞ்சா போனன்?"

மம்மி இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப நீ மட்டும் மகாராணியா கா? அவண நூத்துட்டு இரி."

மம்மி அவணை நிறுத்தினார். அடித்த பட்டரை நான் மூடி ஃபிரிஜ்ஜில் வைத்தேன். ஆனால் மிச்சப் பதின்மூன்று பீங்கான்களும் மேசையை விட்டு அசையவில்லை.

நத்தார் காலை பூசைக்குப் போனோம். நற்கருணை வாங்கியதும் பழக்கத்தில் நான் எழுந்து வாசல் பக்கம் பார்த்தேன். மம்மி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். கடைசி ஆசீர்வாதம் முடிந்தது. பாடகர் குழு புத்தகங்களை அடுக்கியது. ஒருவர் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். மம்மி இருந்தபடியே இருந்தார். செபமாலை எடுக்கவில்லை, அழவும் இல்லை. இரண்டு கையும் மடியில் விரிந்து கிடந்தன. முப்பத்தைந்து நிமிடம்.

வாவியோரத்து வீதியால் திரும்பி நடக்கும்போதுதான் பேசினார்.

"எத்தின வருசமா அங்க வெறுங்கைய நீட்டி வாங்கிறன், கெரன். ஆண்டவர் ஒரு நாளும் நீ என்ன கொண்டு வந்தாய் எண்டு கேக்கல்ல. நான்தான் வாங்கின கையோட ஓடிட்டன்."

வீட்டுக்கு வந்ததும் பீங்கான்களைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். இரண்டு நடையில் பதின்மூன்றையும் கொடுத்து முடித்தேன். ஒருவரும் பீங்கானுக்குள் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மம்மி கோயிலுக்கு உடுத்த உடுப்போடு, செருப்பும் கழற்றாமல், டடியின் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார். நாலு மணி வரை எழும்பவில்லை. அடுத்த நாள் காய்ச்சல் வரவில்லை.

குணம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த வருடம் மறுபடியும் முப்பத்தெட்டு வீடு. அதே மழை, அதே அவண், என்னோடு அதே சண்டை. ஆனால் பூசை முடிந்து விசிறிகள் நிற்கும் வரை உட்கார்ந்திருந்தார். கேக் பதினொரு மணிக்குத்தான் போனது. யாரும் குறை சொல்லவில்லை.

இந்த வருடம் ஓகஸ்டில் மம்மி இறந்தார். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த, இரத்தம் சுத்தமாக்கும் இயந்திரத்தின் ஒவ்வொரு பாகமும் எனக்குத் தெரியும். அது சரியாகத்தான் வேலை செய்தது. மம்மி அங்கே கிடந்த மூன்று கிழமையும் நான் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

இன்று டிசம்பர் இருபத்து நான்கு. விடியும்போது மேசையில் பதினொரு பீங்கான். கழுவித் துடைத்துவிட்டேன். சீனி டின் எட்டும் தூரத்தில் இருக்கிறது. இரண்டு தரம் கை அதற்குப் போனது.

காலையில் ஸைனம்பு அன்ரியின் மகள் அம்னா நீலப்பூப் பீங்கானைக் கேட்டு வந்தாள். எடுத்துக் கொடுத்தேன். உள்ளே பார்க்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மிச்சம் பத்து. நாளைக்குப் பூசை ஏழு மணிக்கு. முழுதும் முடிந்து வந்த பிறகு கொண்டுபோவேன்.