கூழ் குடித்த தொட்டி

எண்பதுகளில் ஓர் ஆடி மாதம், விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். இரண்டு அண்டா கேப்பைக்கூழ் மிஞ்சிவிட்டது. அம்மன் கூழைக் கால் படும் இடத்தில் கொட்டக்கூடாது. புளித்துப்போனதால் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பி.எஸ்ஸி. படித்த மேதாவி நான்தான் வழி சொன்னேன்: சாண எரிவாயுத் தொட்டியில் ஊற்றிவிடலாம். பாக்டீரியாவுக்குத் தீனி கூடினால் கேஸும் கூடத்தானே வேண்டும்?

மறுநாள் தொட்டிமேல் கேஸ் சேரும் இரும்பு டிரம் நன்றாக எழும்பி நின்றது. பெருமையோடு அடுப்படியில் தீக்குச்சி கிழித்தேன். பற்றவில்லை. ஒரு பெட்டிக் குச்சி தீர்ந்தும் பற்றவில்லை.

என் நாலு வயது மகளுக்கு மூச்சிழுப்பு. புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதால்தான் அந்தத் தொட்டியையே கட்டினோம். இனி விறகடுப்பு. வீடோ ஒரே அறை.

“அம்மன் கூழ சாணியில ஊத்தினா சும்மா வுடுவாளா?” என்றார் மாமியார்.

திண்டிவனத்துக்கு ஓடினேன். என்னோடு படித்தவள் அங்கே கல்லூரி ஆய்வகத்தில் இருந்தாள்.

“அடிப்பாவி, தொட்டிக்குள்ள ரெண்டு கூட்டம் இருக்குதுடி!”

இரண்டுமே ஒற்றைச் செல், இரண்டுக்கும் உட்கரு கிடையாது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். ஆனால் செல்சுவரும் சவ்வும் வேறு சரக்கு. ஒன்று பாக்டீரியா. மற்றதை ஆர்க்கிபாக்டீரியா என்று புதிதாகப் பிரித்திருக்கிறார்களாம். பாக்டீரியா தின்று புளிக்கவைப்பதை, மற்றது நிதானமாக எரிவாயுவாக்கும். புளிப்பு மிஞ்சினால் அது செத்துப்போகும்.

“நீ ஒண்ணுக்கு விருந்து வெச்சு இன்னொண்ண சாவடிச்சிட்ட. டிரம்ல நிக்கிறது எரியாத காத்துடி.”

நன்றாக எரியும் ஒரு தொட்டியிலிருந்து சாணக் கரைசல் வாங்கி ஒரு டின்னில் கொடுத்தாள். காற்றுப் பட்டால் எரிவாயு தரும் அந்தக் கூட்டம் சாகும் என்று டின்னை இறுக மூடினாள்.

“இன்னாம்மா, சாணிய தூக்கிக்கினு பஸ்ல வர்ற? ஜல்தி எறங்கு!” என்றார் கண்டக்டர். மகள் பெயரைச் சொல்லி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, இந்தக் கரைசலையும் ஊற்றினோம். தினமும் குச்சி கிழித்தேன். தினமும் அணைந்தது. ஈர விறகின் புகையில் பிள்ளைக்கு விலா எலும்பு உள்ளே இழுத்தது. படிக்காதவளாக இருந்திருக்கக்கூடாதா என்று அழுதேன். மூன்றாவது வாரம் என் வீட்டுக்காரர் அவளை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

சேர்த்த நாலாம் நாள் காலை கேஸ் அடுப்பு நீலமாகப் பற்றியது. விறகுப் புகை ஏறிய புடவையோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“கண்ணு, கேஸ் வந்துடுச்சும்மா!”

மகள் என் கையைத் தள்ளிவிட்டு அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அம்மா வாணாம்பா. பொகை வருது.”