மழை என்று கத்தியவன்

மாதா கோயில் சாமியார் இரவல் கொடுத்த டேப் ரெக்கார்டரை அத்தை அரிசி டின்னின் மேல் வைத்திருந்தார். அடியில் நான்காக மடித்த துண்டு. மேசையில் வைத்தால் மேசை ஆடும், அந்த ஆட்டம் பதிவில் கேட்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தலைக்கு மேல் சுழன்ற காற்றாடியை நிறுத்தியாயிற்று. பக்கத்து வீட்டு வானொலியைக்கூடக் கெஞ்சி நிறுத்தச் சொல்லியாயிற்று. மிச்சம் இருந்த ஒரே சத்தம் நான். எனக்கு அப்போது ஆறு வயது. "வெளிய நில்லு கண்ணு. அத்த பாடி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது" என்று என்னை நடைக்கூடத்தில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். பினாங்கில், ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் நான்காவது மாடி அது. சும்மா நிற்பது ஒன்றுதான் எனக்குக் கொடுத்த வேலை. அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவரை வளர்த்தார். துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு கப்பல் அலுவலகத்தில் அவருக்குத் தட்டச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்பார். ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது வானொலியில் வரும் ஆங்கில மெல்லிசைப் பாட்டுகளில். மெதுவான கிதார், அதைவிட மெதுவான மேளம், பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு குரல். ஒருமுறை வந்த பாட்டு மறுபடி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அலுவலகத்துக்காகக் கற்ற சுருக்கெழுத்தில் வரிகளை ஓட ஓடப் பிடித்துவிடுவார். அவருடைய நோட்டில் முதலாளி சொன்ன சரக்குக் கடிதம் ஒரு பக்கம், காதல் பாட்டு மறுபக்கம் என்று எல்லாமே கோழிக் கிறுக்கலாகக் கிடக்கும். தலைநகர் வானொலியில் புதுக் குரல் தேடுகிறார்கள், ஒரு பாட்டைக் கேசட்டில் பதிந்து அனுப்ப வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, அந்த மாதிரியில் தானே ஒரு பாட்டு எழுதி மெட்டும் கட்டி, கிதாரில் தானே வாசிக்கவும் பழகினார். மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

எங்கள் அடுக்குமாடியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எல்லா வீட்டுத் துணியும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழிகளில்தான் காயும். மழையை முதலில் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் கத்த வேண்டும். கேட்டவர் அடுத்த மாடிக்குக் கத்த வேண்டும். அன்று கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, நடைக்கூடத்துக் கம்பியில் முதல் துளி விழுந்ததைப் பார்த்தவன் நான். வாயைத் திறக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம், கத்தியே ஆக வேண்டும் என்பது கட்டடத்தின் சட்டம். "அத்தே! மழ! துணி நனையுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உடனே கீழ்மாடியில் ஒரு மலாய்க்கார அம்மா மழையைத் தன் மொழியில் "ஹூஜான்!" என்றார், அதற்கும் கீழே இன்னொருவர் "ஹூஜான்!" என்றார். உள்ளே பாட்டு பாதியில் நின்றது. நான் மழையில் ஆடக் கீழே ஓடிவிட்டேன்.

மாலைப் பூசைக்கு முன் ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மறுபடி பதிய நேரம் இல்லை, கேசட் கெட்டுப்போனது, அனுப்பவே இல்லை. எனக்குத் தெரிந்த கதை இதுதான். அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கு நான் மழைக்காரன் ஆனேன். கிறிஸ்மஸ் விருந்துக்குக் கூடினால் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்: "மழக்காரன் மட்டும் வாய மூடிட்டு இருந்திருந்தா, நம்ம வீட்லயும் ஒரு பாட்டுக்காரி இருந்திருப்பா." எல்லாரும் சிரிப்பார்கள். அத்தை மட்டும் என் தலையைத் தடவி, "விடுங்க, சின்னப் புள்ளதானே" என்பார். அப்பா சிரிக்க மாட்டார், எழுந்து கை கழுவப் போய்விடுவார். அவருக்கு என் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அத்தை அதன் பிறகு வீட்டில் பாடவில்லை. எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரையும் தூரத்திலிருந்து கூப்பிட மாட்டேன். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும், பக்கத்தில் நடந்து போய்த்தான் சொல்வேன். பொறுமைசாலி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். உண்மையில் அது பயம்.

இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று. என் மகளுக்குப் பத்தொன்பது. அவளும் அவள் தோழிகளும் அந்தக் காலத்து மெல்லிசைப் பாட்டுகளை எங்கிருந்தோ தோண்டியெடுத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்தபோதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வயதுப் பையன்கள் அவற்றைத் தூக்க மாத்திரை என்று கேலி செய்தவர்கள். எனக்கு அந்தக் கிதார் கேட்டாலே அந்த மழைநாள் ஞாபகம் வரும் என்பதால் நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேலி செய்தேன். இவளோ கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பாட்டை முழுசாகக் கேட்கிறாள். ஒரு நிமிட வீடியோவைக்கூடப் பாதியில் தள்ளிவிடுகிற பெண்! "அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்று ஒருநாள் கேட்டேன். "இந்தப் பாட்டு நம்மகிட்ட எதுவும் கேக்கல லா, ப்பா. சும்மா பக்கத்துல உக்காந்துருக்கு" என்றாள். அத்தை இருந்தால் இதற்குப் பதில் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அவர் இருக்கிறார், அதே ஜெலுத்தோங் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். நாங்கள் பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, துறைமுகச் சாலையில் காடி ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகள். "இதக் கேளுங்கப்பா. யாரு பாடுனதுன்னே தெரியாது. பழைய கேசட்டாம், பினாங்குலதான் எடுத்ததாம். எங்க செட்டு ஃபுல்லா இதத்தான் கேக்கறாங்க" என்று போட்டுவிட்டாள். முதலில் ஒரு இரைச்சல். பிறகு கிதார். பிறகு ஒரு பெண் குரல். யார் என்று மூளைக்கு எட்டுவதற்கு முன்பே என் கை ஒலியைக் கூட்டியிருந்தது. இரண்டாவது சரணம் தொடங்கியதும் ஒரு பிள்ளையின் கத்தல்: "அத்தே! மழ! துணி நனையுது!"

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர்கள் ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். மகள் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "ப்பா! என்னாச்சு?" என்றாள். பதிவு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹூஜான், ஹூஜான் என்று கீழ்மாடிக் குரல்கள் இறங்கிப் போயின. "இந்த எடந்தான் எங்களுக்கு உசுரு. அந்தப் பையன் கத்துவான், உடனே கோரஸ் மாதிரி வரும் பாருங்க, புல்லரிக்கும். பிளான் பண்ணி எடுத்துருக்காங்கன்னு என் ஃபிரண்டு சொல்றா" என்றாள். "அது நான்தான்மா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? நீங்க கத்தவே மாட்டீங்களே!"

அதிர்ச்சி அதோடு முடியவில்லை. கேசட்டில் கதவுச் சத்தம், காலடிச் சத்தம், கழிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். பிறகு அத்தையின் சிரிப்பு. பிறகு கிதார், முதலிலிருந்து. பின்னால் மழை கொட்ட, முழுப் பாட்டையும் ஒரு பிசிறு இல்லாமல் பாடி முடித்தார். சாலையோரத்தில் காடியை நிறுத்தினேன். நேரம் இருந்திருக்கிறது. மறுபடி பாடியிருக்கிறார். கேசட் கெட்டுப்போகவே இல்லை.

அன்று மத்தியானமே மகள் என்னைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு காப்பிக் கடைக்கு இழுத்துப் போனாள். பழைய கடைவீட்டின் மாடி. பத்துப் பதினைந்து இளசுகள் தரையில் உட்கார்ந்து, சுழலும் கேசட்டைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்டார்கள். பூசையில்கூட இத்தனை அமைதியை நான் பார்த்ததில்லை. கடை நடத்தும் சீன இளைஞர் பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி வாங்கினாராம், இந்தக் கேசட் அதில் இருந்ததாம், அவர்தான் பாட்டை இணையத்தில் ஏற்றினாராம். பெட்டியின் அடையாளத்தைச் சொன்னதும் அது எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசிக் காலத்தில் அப்பா என் வீட்டில்தான் இருந்தார். போன வருடம் அவர் இறந்த பிறகு, திறந்துகூடப் பார்க்காமல் பழைய சாமான்காரரிடம் நான் தூக்கிக் கொடுத்த பெட்டி. "கேசட் இதுக்குள்ள இருந்தது அங்கிள். ஒட்டினது ஒட்டினபடியே இருந்துச்சு, நான்தான் பிரிச்சேன்" என்று மலாயில் சொல்லி ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தையின் உருண்டைக் கையெழுத்தில் வானொலி நிலைய முகவரி. மூலையில் மூன்று தபால்தலைகள். மேலே முத்திரை இல்லை.

அப்பா அனுப்பவில்லை. தங்கை கொடுத்த உறையைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, பழியை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டு, ஆயுசு முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். செத்துப்போன மனிதர் மேல் இப்படிக் கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மூன்று நாள் அவர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. அத்தையிடம் சொல்வதா, வேண்டாமா? அண்ணன் என்றால் அவருக்கு உயிர். எழுபது வயதில் அந்த நம்பிக்கையைப் பிடுங்கலாமா? ஆனால் மகள் விடவில்லை. "அவங்க பாட்டு இது. அவங்களுக்குத் தெரியாம நாங்க எல்லாரும் கேக்கறது தப்பு" என்றாள்.

நான்காவது மாடியில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு கழிகள் நீட்டியிருந்தன, வெயில் கொளுத்தியது. ஒன்றும் சொல்லாமல் கைபேசியில் பாட்டைப் போட்டேன். அத்தை தேநீர்க் குவளையை வைத்துவிட்டுக் கேட்டார். முகத்தில் அசைவே இல்லை. "அத்தே! மழ!" என்று அந்தப் பிள்ளை கத்தியதுதான் தாமதம், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். கை கழியைப் பிடித்துவிட்டது. வெளியே வெயிலைப் பார்த்து அப்படியே நின்றார். நான் பக்கத்தில் போய் உறையை நீட்டினேன். "அப்பா இத அனுப்பவே இல்ல அத்தே" என்றேன்.

அத்தை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னுமா வச்சிருந்தாரு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கப்பா தபால்ல போட எடுத்துட்டுதான் போனாரு. நான்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலயே ஓடி, போடாதண்ணேன்னு நிறுத்தினேன். கேக்கறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டாரு. பையன் கத்திக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுன்னு சொன்னேன். உறையத் திருப்பிக் குடுத்தா நான் கிழிச்சுப் போடுவேன்னு தெரிஞ்சு, என்னிக்காவது நீயே கேப்ப, அன்னிக்குத் தர்றேன்னு வச்சிக்கிட்டாரு. நான் கேக்கவே இல்ல."

என் தலையைத் தடவித் தடவி மன்னித்தாரே, அந்தக் கையைப் பார்த்தேன். கை கழுவ எழுந்து போன அப்பாவின் முதுகும் ஞாபகம் வந்தது. அவர் என்னைப் பார்க்க முடியாமல்தான் போயிருக்கிறார். என் சார்பில் மகள்தான் கேட்டாள்: "எதுக்கு? நல்லாத்தானே பாடியிருக்கீங்க?"

"அதான் பயம்மா. நல்லா வரலன்னா சத்தியமா அனுப்பியிருப்பேன். ரெண்டாவது தடவ பாடினப்ப நல்லா வந்துருச்சு. கூப்பிட்டுட்டா என்ன பண்றது? இந்த வீட்ட விட்டு, அண்ணன விட்டு, தெரியாத ஊர்ல..." நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "சின்னப் புள்ள, மறந்துடுவேன்னு நெனச்சேன்டா. நீ மறக்கல. வருசா வருசம் பார்த்துட்டுதான் இருந்தேன். சொல்ல வாய் வரல." கோபப்படத்தான் நினைத்தேன். அத்தையின் உதடு துடிப்பதைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. ஐம்பத்து மூன்று வயது ஆள், மகள் முன்னால், விக்கி விக்கி அழுதேன்.

மகள் தன் கைபேசியில் முன்பின் தெரியாத பிள்ளைகள் பாட்டுக்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் படித்துக் காட்டினாள். பரீட்சைக்கு முதல் நாள் கேட்டேன் என்று ஒரு பெண். அம்மா ஞாபகம் வருகிறது என்று ஒரு பையன். அத்தை நம்பாமல், "என் பாட்டா? இந்தக் காலத்துப் புள்ளைங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ போடு" என்றார்.

மறுபடி அந்த இரைச்சல், அந்தக் கிதார். இரண்டாவது சரணம் நெருங்க நெருங்க அத்தை நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நடைக்கூடத்தில் நின்ற அந்தப் பிள்ளை கத்தினான். அத்தை இந்த முறை எழவில்லை. கைபேசியைப் பார்த்து, அவனுக்குச் சொன்னார்: "துணி கெடக்கட்டும் கண்ணு. அத்த பாடி முடிக்கிறேன்."